குதிரைமலைச் செம்மண்

மன்னார்த் தீவில் மலை கிடையாது. கரையோரமாகத் தெற்கே, மறிச்சுக்கட்டிக்கும் அப்பால், வில்பத்துக் காட்டின் விளிம்பில் கடலைப் பார்த்தபடி ஒரு செம்மண் மேடு உண்டு. குதிரைமலை என்று பெயர். மலைநாட்டார் பார்த்தால் சிரிப்பார்கள். வாப்பாவோடு ஆறுதலாக நடந்து ஏறினேன்.

இச்சிறு மேட்டுக்கு உரிமை கோருவோர் பலர். குளோடியஸ் பேரரசர் காலத்தில் (கி.பி. 41-54) காற்றில் அள்ளுண்டு வந்த ரோமானியன் ஒருவன் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான் என்று பிளினி எழுதினார். கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. அத்துறை இதுவே என்பர் ஆய்வாளர் சிலர். கையூன்றியோரின் உள்ளங்கை சிவந்ததால் விஜயன் இறங்கிய இடம் தம்பபண்ணி ஆயிற்று என்கிறது மகாவம்சம். அதுவும் இங்கேதான் என்போர் உண்டு. ஊர்வாய்க்கோ இது அல்லி அரசாணியின் நாடு.

எதிரே முத்துப்பார்கள். 1344இல் வந்த இப்னு பதூதாவுக்கு ஆரியச் சக்கரவர்த்தி காட்டிய முத்துக்கள் இந்தக் கடலினவே. 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துக்குளிப்புக்கு அரபுச் சுழியோடிகளும் கீழக்கரை முஸ்லிம்களும் வந்தார்கள். உரிமைப் பேச்சுகளில் அவர்கள் அபூர்வமாகவே வருகிறார்கள்.

“நாமும் ஒரு கதை சொல்லலாமே, வாப்பா?” என்றேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலியை விட்டுப் புத்தளம் போனவர் அவர். திரும்பி வந்தபோது, “எப்போதிருந்து இங்கே இருக்கிறீர்கள்?” என்ற கேள்வியைக் கேட்டவர்.

“கதை எல்லாரிடமும் இருக்கு மகன். நமக்குக் காணி உறுதியும் மையவாடியும் போதும்” என்றார்.

கையூன்றி எழுந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. தட்டிவிட்டு நடந்தார்.