கீறாமற் கண்ட குடல்

குடலடைப்பு நாழிகைக் கணக்கில் உயிரைக் குடிக்கவல்லது. அடைபட்ட இடத்திற்கு மேலே வாயுவும் நீரும் தேங்கும். வயிறு பறைபோல் உப்பும். குடல் முறுக்குண்டு குருதியோட்டம் தடைப்பட்டால் அப்பகுதி அழுகிவிடும். வீணே வயிற்றைக் கீறுவதும் தீது. கீறவேண்டிய வேளையைத் தவறவிடுவதும் தீது. கீறுமுன் உள்நிலையை அறிவது எங்ஙனம்?

முதலில் துணைநின்றவை கையும் செவியுமே. 1761-இல் வியன்னாவில் அவென்புருக்கர் என்னும் மருத்துவர், மார்பைத் தட்டி, எழும் ஒலியால் நோயறியும் முறையை நூலாக வெளியிட்டார். அவர் தந்தையார் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி மதுவின் அளவறிவது அவ்வீட்டில் புதுமையன்று போலும்! அம்முறை பின்னர் வயிற்றுக்கும் பயன்பட்டது. 1816-இல் பாரிசில் லென்னெக் காகிதச் சுருள் ஒன்றை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார்; ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அடைப்பை எதிர்த்துப் போராடும் குடல் கிணுகிணுவென ஒலிக்கும்; ஓய்ந்துபோன குடலோ மௌனமாகிவிடும். மருத்துவர் அஞ்சுவது அம்மௌனத்தையே.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். மறு ஆண்டிலேயே வால்டர் கேனன் என்ற ஹார்வர்டு மருத்துவ மாணவர் அக்கதிரை உயிருள்ள உடலில் செலுத்தலானார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துதான். பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, இரைப்பையும் குடலும் அலையலையாய் அசைவதைத் திரையில் கண்டார். பூனை சினங்கொண்டாலோ அவ்வசைவு சட்டென நின்றது! 1905-இல் குடலின் ஒலிகளைப் பற்றியும் எழுதினார். கதிரின் கேட்டை அக்காலத்தார் முழுமையாக அறிந்திலர். 1945-இல் கேனனின் உயிரைக் கொண்ட நோய்க்கு அக்கதிரே காரணமெனக் கருதப்படுகிறது.

நோயாளியை நிமிர்த்திப் படமெடுத்தால், குடல் வளைவுகளில் நீர் கீழும் வாயு மேலுமாகப் பிரிந்து கிடைமட்டக் கோடுகள் தோன்றும். அவை ஏணிப்படிபோல் அடுக்கி நின்றால் அடைப்பென ஐயுறலாம். ஆயினும், எங்கே, எதனால் என்பதை இப்படம் எப்போதும் சொல்வதில்லை. அக்குறையைப் பெரிதும் நீக்கியது சி.டி. ஸ்கேன். 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்த அக்கருவி, பின்னர் வயிற்றையும் துண்டு துண்டாகக் காட்டலாயிற்று.

கதிரே இல்லாத வழியும் உண்டு. 1958-இல் கிளாஸ்கோவில் அயன் டொனால்டும் அவர் துணைவரும் செவிக்கெட்டாத ஒலியின் எதிரொலியால் வயிற்றுக் கட்டிகளைக் காட்டினர். அதன் வழிவந்த கருவி இன்று குழந்தைகளுக்குப் பேருதவி புரிகிறது. குடலின் ஒரு பகுதி மற்றொன்றினுள் செருகிக்கொண்டால், வளையத்துள் வளையமாக அது தெரிகிறது. உடனே ஆசனவாய் வழியே காற்றையோ நீரையோ செலுத்தி, பல குழந்தைகளுக்குக் கத்தியின்றியே அச்செருகலை விடுவிக்கின்றனர்.