ஸ்பெர்லோங்கா பொருட்காட்சிசாலை

ஸ்பெர்லோங்கா பொருட்காட்சிசாலை: இத்தாலியின் மேற்குக் கரையில், ரோமாபுரிக்கும் நேப்பிள்ஸுக்கும் ஏறத்தாழ நடுவே, தெராச்சினா, கயேட்டா என்னும் ஊர்களுக்கு இடையே அமைந்த ஸ்பெர்லோங்கா என்ற சிற்றூரில் 1963-ல் திறக்கப்பெற்ற தேசியத் தொல்பொருட்காட்சிசாலை. அளவிற் சிறியதாயினும், டைபீரியஸ் சக்கரவர்த்தியின் (ஆட்சி கி.பி. 14-37) கடலோர மாளிகையைச் சேர்ந்த ஒரு குகையில் அகப்பட்ட சலவைக்கல் சிற்பங்களை, அக்குகையின் அருகிலேயே வைத்துக் காட்டுவது இதன் விசேஷம். குகை என்று பொருள்படும் லத்தீன் சொல்லே மருவி ஊருக்குப் பெயராயிற்று.

குகை: கடலை நோக்கி வாய் திறந்திருக்கும் இயற்கைக் குகையொன்றை ரோமானியர் தம் கேளிக்கைக்கு உரியதாகத் திருத்தி, உள்ளே வட்டமான ஒரு குளமும், அதற்கு முன்னே நாற்கோணமான ஒரு மீன்குளமும் அமைத்து, அம்மீன்குளத்தின் நடுவே தீவுபோல் ஒரு மேடையும் எழுப்பினர். மேடையில் சாய்ந்து விருந்துண்போர், நீருக்கு அப்பால், குகையின் அரையிருளில், ஹோமரின் கதைமாந்தர் உயிர்பெற்று நிற்பதைக் காணும்படி சிற்பங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. கி.பி. 26-ல் சக்கரவர்த்தி இங்கே உணவருந்திக்கொண்டிருக்கையில் பாறைகள் திடீரென்று சரிந்து ஏவலர் சிலர் நசுங்கி மாண்டனர் என்றும், மற்றவர்கள் சிதறி ஓட, படைத்தலைவன் செஜானஸ் மட்டும் தன் உடலைக் கவசமாக்கி அரசனைக் காத்து நின்றான் என்றும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். இதனால் அரசனுடைய பூரண நம்பிக்கைக்குப் பாத்திரமான அவனே, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வரசன் ஆணையாலேயே கொல்லப்பட்டான்.

கண்டெடுத்த வரலாறு: 1957-ல் கடற்கரைச் சாலை அமைக்கும் வேலை நடந்தபோது குகையைத் தோண்டியவர்கள், சுக்கல் சுக்கலாக உடைந்து கிடந்த சலவைக்கல் துண்டுகளை ஆயிரக்கணக்கில் வெளிக்கொணர்ந்தனர். அவற்றை ரோமாபுரிக்கு எடுத்துச்செல்ல முற்பட்டபோது ஊர்மக்கள் வழிமறித்துத் தடுத்தனர். அவர்கள் பிடிவாதத்தின் பயனாகவே பொருட்காட்சிசாலை அவ்விடத்திலேயே எழுந்தது. துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து இன்ன உருவம் இன்னது என்று நிர்ணயிக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது.

சிற்பங்கள்: முதன்மையானவை நான்கு தொகுதிகள். குடிமயக்கத்தில் கிடக்கும் ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸின் கண்ணில், ஹோமரின் காவியத் தலைவனான ஒடிசியஸும் தோழர்களும் கூர்மரத்தைப் பாய்ச்சுதல் ஒன்று; ஸ்கில்லா என்னும் கடற்பிசாசு கப்பலைத் தாக்குதல் ஒன்று; ட்ராய் நகரின் காவல் விக்கிரகத்தை ஒடிசியஸும் டயோமீடிஸும் கவர்தல் ஒன்று; இறந்த வீரனின் உடலை மற்றொரு வீரன் போர்க்களத்திலிருந்து தாங்கிச் செல்லுதல் ஒன்று. இவையன்றி, கழுகு தூக்கிச்செல்லும் கானிமீட் என்னும் இளைஞனின் உருவம், வண்ணச் சலவைக்கல்லில் வடிக்கப்பட்டு, குகைவாயிலின் மேலே நின்றது.

பாலிபீமஸின் பேருடலில் எஞ்சியவை சில உறுப்புகளே. ஆகவே, சிசிலித் தீவின் கத்தானியா நகரிலுள்ள புடைப்புச் சிற்பம் ஒன்றைத் துணைக்கொண்டு, முழுத்தொகுதியும் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை வார்ப்புருவில் அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் காண்போரைப் பெரிதும் நிறுத்திவைப்பது, ஏறத்தாழச் சிதையாமல் பிழைத்த ஒடிசியஸின் தலைதான். கூம்பிய தொப்பியின் கீழ் மயிர்க்கற்றைகள் புரள, சுருண்ட தாடிக்கு நடுவே உதடுகள் சற்றே விரிய, அகன்ற கண்கள் செய்யவேண்டிய காரியத்தின் மீதே பதிந்திருக்கும் அம்முகத்தில், வீரத்தினும் மேலாக, மூச்சை அடக்கிக்கொண்ட ஒரு கணத்தின் பதற்றமே தெரிகிறது. ஸ்கில்லாத் தொகுதியிலோ, பிசாசின் பருத்த கை மாலுமியின் தலைமயிரைப் பற்றியிருப்பது ஒன்றே அக்கதை முழுவதையும் உணர்த்தப் போதும்.

சிற்பிகள்: ஸ்கில்லாத் தொகுதியின் கப்பலில், ரோட்ஸ் தீவினரான அதனடோரஸ், ஹகேசாண்டர், பாலிடோரஸ் என்னும் மூவரின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 1506-ல் ரோமாபுரியில் அகப்பட்டு இன்று வாத்திக்கனில் இருக்கும், பாம்புகளிடம் சிக்கிய லாவோகோவனின் சிற்பத்தைச் செய்தவர்கள் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குறித்த பெயர்களும் இவையே. அதனால் பாம்பு போன்ற நெளிவுகளையுடைய துண்டுகள் முதலில் கிடைத்தபோது, லாவோகோவனின் மற்றொரு பிரதியே இங்கு இருந்தது என்று கருதினர். துண்டுகள் சேரச் சேரவே அவை ஸ்கில்லாவின் உறுப்புகள் என்பது தெளிந்தது. இச்சிற்பங்கள் டைபீரியஸின் காலத்தில் புதிதாகப் படைக்கப்பட்டவையா, முந்திய கிரேக்க வெண்கலச் சிற்பங்களைப் பார்த்துச் செதுக்கியவையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

காணும் முறை: முதலில் கூடத்திலுள்ள சிற்பங்களைக் கண்டு, பின்னர் மாளிகையின் இடிந்த சுவர்களை ஒட்டிச் செல்லும் பாதையில் நடந்து குகையை அடைதல் நலம். வட்டக் குளத்தில் இன்றும் நீர் நிற்கிறது. நடுவே ஸ்கில்லா நின்ற இடமும், உட்புறத்தில் பாலிபீமஸ் கிடந்த குடைவும் வெறுமையாக இருக்கின்றன. சிற்பத்தை ஓர் ஊரிலும் அது நின்ற பீடத்தை வேறோர் ஊரிலும் கண்டு மனத்தில் இணைத்துக்கொள்வது தொல்பொருள் காண்போர்க்கு வழக்கமாகிவிட்ட சிரமம்; ஒரு சிற்றூரார் வழிமறித்து நின்றதனால், இங்கே அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில நிமிஷ நடையோடு முடிந்துவிடுகிறது.