ஐந்தருவி எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

சீசனில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சாரல் அடித்து, தண்ணீர் விழுந்தால் போதும்! ஆனால் இந்தப் பகுதியைப் பற்றி இணையத்தில் அரசுத் தகவல் தேடுகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

கல்லூரி ப்ராஜெக்ட் ஒன்றுக்காக எனக்குத் தென்காசி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை தேவைப்பட்டது. கூகுளில் தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். சரி, அரசு அட்டவணையையே பார்த்துவிடலாம் என்று சென்சஸ் தளத்துக்குப் போனால், அதில் தென்காசி மாவட்டமே இல்லை! பிறகுதான் உறைத்தது. இந்த மாவட்டம் தொடங்கியதே 2019 நவம்பர் 22-ல்தான். 2011-ல் எல்லாமே திருநெல்வேலி மாவட்டம். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப் போய்விட்டது. கடைசியில் திருநெல்வேலி அட்டவணையைத் திறந்து தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் என்று வட்டம் வட்டமாகக் கூட்டினேன்.

இன்னும் பின்னால் போனால் பெயரே மாறுகிறது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனது. மீதி, நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 1997-ல் சாதிக் கலவரங்களை அடுத்து மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. ஆகவே 1991 சென்சஸில் வெறும் திருநெல்வேலி என்று தேடினால் குழம்பிப் போவோம்.

வெள்ளைக்காரர் காலத்தில் இது 'டின்னவெல்லி'. எச்.ஆர். பேட் எழுதி 1917-ல் வெளிவந்த மாவட்ட கெசட்டியரை அந்த எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டும். குற்றாலம் அதில் 'கோர்ட்டாலம்'.

செங்கோட்டை கதை இன்னும் வேடிக்கை. குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பகுதி. எனவே அதன் பழைய விவரங்களுக்கு, நாகம் அய்யா 1906-ல் வெளியிட்ட திருவிதாங்கூர் மாநில மேனுவல் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். சில மைல் தூரம், இரண்டு அரசாங்கங்களின் ஆவணங்கள்!

தளம் உண்மையில் அரசுடையதுதானா என்று பார்ப்பது எளிது. முகவரி 'ஜிஓவி.இன்' அல்லது 'என்ஐசி.இன்' என்று முடிய வேண்டும். என்ஐசி என்பது 1976-ல் தொடங்கிய தேசிய தகவலியல் மையம். அரசுச் சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், இந்த முகவரியை அப்படி வாங்க முடியாது.

தளத்தில் தகவல் இல்லையென்றால்? தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம். அதன் பிறகு 2005-ல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் 4-வது பிரிவு முக்கியமானது. மக்கள் மனு போடும் தேவையே குறையும்படி, அலுவலகங்கள் இணையம் உட்படப் பல வழிகளில் தகவலைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அப்படியும் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் மனுவை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று யோசிக்கும்போது மறுபடியும் அதே கேள்விதான் வருகிறது.

நமக்கு வேண்டிய வருஷத்தில் நம் ஊர் யார் கையில் இருந்தது? இது தெரியாமல் தேடினால் 'தகவல் இல்லை' என்றுதான் வரும். தகவல் இருக்கும், வேறு பெயரில்.