கரண்ட் போனால் மறந்துபோகும் வாத்தியம்: சாம்ப்ளர், ஃப்ளாப்பி, மெமரி கார்டு

மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்னிசைக் கச்சேரி கேட்டிருப்பீங்க. பேடு வாசிக்கிறவர் குச்சியால் ரப்பரைத் தட்டுவார். காதில் விழுறது உறுமி, தவில், பம்பை. அந்தச் சத்தமெல்லாம் எங்கேயோ சேமிச்சு வைக்கப்பட்டிருக்கு, இல்லையா? எங்கே, எதில் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனா கடந்த நாற்பது வருஷ மின்னணு இசையின் வரலாற்றில் பாதி இதுக்குள்ளேதான் அடங்கியிருக்கு.

முதலில் சாம்ப்ளர் என்றால் என்னன்னு பார்த்துடுவோம். சாதாரண சிந்தசைசர் சத்தத்தை உற்பத்தி செய்யும். சாம்ப்ளர் அப்படி இல்லை. வெளியே இருக்கும் சத்தத்தை மைக் வழியாக எண்களாகப் பதிவு செய்து, கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சுருதிக்கு ஏற்றி இறக்கி வாசிக்கும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் கொண்டுவந்த ஃபேர்லைட் சிஎம்ஐ இதில் முன்னோடி. ஒரு வீடு வாங்குகிற விலை. 1981-ல் அமெரிக்காவில் ஈ-மு நிறுவனத்தின் எமுலேட்டர் வந்தது. அதன்பின் என்சோனிக் மிராஜ் 2,000 டாலருக்கும் கீழே விலையை இறக்கியது. 1986-ல் ஜப்பானின் அகாய் எஸ்900, 1988-ல் சிடி தரத்தில் 16 பிட் ஸ்டீரியோவில் பதிவு செய்யும் எஸ்1000.

அந்த 1986 நமக்கும் முக்கியமான வருஷம். 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தது அப்போதுதான். அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். கச்சேரி மேடைக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான தூரம் ஒரே மனிதரின் வாழ்நாளில் கடக்கப்பட்டிருக்கு. அதே 1986-ல் ஸ்கஸி என்ற இணைப்பு முறை அமெரிக்கத் தர நிர்ணயமாக அறிவிக்கப்பட்டது. அது எதுக்கு இங்கேன்னு கேட்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

இந்தப் பழைய சாம்ப்ளர்களுக்கு ஒரு பெரிய குறை. சத்தம் முழுக்க ராம் நினைவகத்தில்தான் இருக்கும். சுவிட்சை அணைத்தால் காலி. வீணையை ஒரு வருஷம் உறையில் போட்டு வைத்தாலும் எடுத்தால் வீணைதான். சாம்ப்ளரை அணைத்துப் போட்டால் மறுபடி ஏற்றும் வரை அது வெறும் இரும்புப் பெட்டி. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் தினமும் பல மணி நேரம் கரண்ட் போன காலம் ஞாபகம் இருக்கும். ஜெனரேட்டருக்கு மாற்றுகிற அந்த ஒரு நொடி போதும், இந்த மாதிரிப் பெட்டி எல்லாத்தையும் மறந்துடும். அதனால் சாம்ப்ளருக்குச் சேமிப்பு என்பது கூடுதல் வசதி கிடையாது. அதன் உயிரே அங்கேதான்.

அந்த உயிரை முதலில் ஃப்ளாப்பியில் வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. சிடி தரத்தில் ஒரு விநாடி ஸ்டீரியோ சத்தத்துக்கு 1,76,400 பைட் வேணும். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் எட்டு விநாடிதான் அடங்கும். அதைப் படிக்கவே, டிரைவின் முழு வேகத்தில், கிட்டத்தட்ட 32 விநாடி. நடைமுறையில் அதைவிட அதிகம். எஸ்1000-ல் 8 எம்பி நினைவகம் இருந்தால் அதை நிரப்ப ஐந்தாறு ஃப்ளாப்பி மாற்றணும். அடுத்த பாட்டுக்குள் இதையெல்லாம் முடிக்கணும்னா அறிவிப்பாளர் எவ்வளவு நேரம்தான் பேசிச் சமாளிப்பார்?

இங்கேதான் ஸ்கஸி வருது. 50 பின் கொண்ட அந்தப் பட்டைக் கேபிளில் சாம்ப்ளரோடு ஹார்டு டிஸ்க், சிடி ரோம், பிறகு 100 எம்பி ஜிப் டிரைவ் எல்லாத்தையும் வரிசையாக மாட்டலாம். மொத்தம் எட்டு எண்கள், 0 முதல் 7 வரை. சாம்ப்ளருக்கே ஒன்று போய்விடும். இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் கொடுத்தால் எதுவும் சரியா நடக்காது. கேபிளின் இரு முனையிலும் டெர்மினேட்டர் இருக்கணும். இதெல்லாம் தெரிந்தவர்தான் அன்றைக்கு ஸ்டூடியோவில் ராஜா.

ஆனால் சுழலும் வட்டுக்கு வேன் பயணம் ஆகாது. ஜிப் டிரைவோ திடீரென்று டக் டக் என்று அடித்துக்கொண்டு உயிரை விடுவதற்குப் பேர்போனது. அப்போதுதான் சிலர் பார்வை மெமரி கார்டு ரீடர் பக்கம் திரும்பியது.

1994-ல் சான்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு கேமராவுக்குப் புகழ்பெற்றது. உள்ளுக்குள் அது பேசுவது கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கின் ஐடிஇ மொழி. 1990-களின் பிற்பாதியில் இந்த வகைக் கார்டுகளைப் படிக்கிற ஸ்கஸி ரீடர்கள் கம்ப்யூட்டருக்காக விற்பனைக்கு வந்தன. சாம்ப்ளர்காரர்கள் அதை எடுத்து ஜிப் டிரைவ் இருந்த இடத்தில் மாட்டினார்கள். கழற்றி மாற்றக்கூடிய ஒரு வட்டுன்னு நினைத்து சாம்ப்ளரும் ஏற்றுக்கொண்டது. ரீடர் கிடைக்காதவர்கள் ஸ்கஸியை ஐடிஇ-யாக மாற்றும் பலகை வழியாகக் கார்டைச் செருகினார்கள். 2003 வாக்கில் கருவி செய்பவர்களே இந்த வழிக்கு வந்துவிட்டார்கள். அகாய் எம்பிசி1000, ரோலண்ட் எஸ்பிடி-எஸ் பேடு இரண்டிலும் காம்பாக்ட் ஃப்ளாஷ் துளை பிறவியிலேயே உண்டு.

2010-களில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் மெக்மாஸ்டர் ஸ்கஸி2எஸ்டி என்ற பலகையை உருவாக்கினார். போனில் போடுகிற எஸ்டி கார்டை அது ஸ்கஸி ஹார்டு டிஸ்க் போல நடிக்க வைக்கும். ஒரே கார்டைத் தனித்தனி எண்ணுள்ள பல வட்டுகளாகவும் காட்டும். புளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி எல்லாம் இதன் பின்னால் வந்தவை. ஸ்கஸி இல்லாத கருவிக்கு கோடெக் என்ற பெட்டி இருக்கு. ஃப்ளாப்பி டிரைவ் இருந்த குழியில் அதைப் பொருத்தினால் பென் டிரைவில் உள்ள கோப்பை ஃப்ளாப்பின்னு கருவி நம்பிடும். இதில் ஒரு வேடிக்கை: இந்தப் பெட்டிக்கு எம்ப்ராய்டரி, பின்னல் இயந்திரங்கள்தான் முதல் சந்தை. திருப்பூர் மாதிரி ஊர்களின் தொழிலுக்கான சரக்கு, இசைக்காரர் கைக்கும் வந்து சேர்ந்தது.

எல்லாம் சுபம்னு முடித்துவிடலாமா? முடியாது. கார்டு போட்டதால் கருவி பிழைத்தது. பழைய சத்தம் பிழைக்கவில்லை. அது இன்னும் அந்த ஃப்ளாப்பியிலேயே இருக்கு. சோனி 2011-லேயே ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இருப்பவற்றிலோ காந்தப் பூச்சு உதிருது, பூஞ்சை பிடிக்குது. ஓட்டுக்கு அடியில் பரண்மேல், மதுரை சித்திரை வெயிலில் எத்தனை கோடை தாங்கும்?

கருவியோடு வந்த பியானோ, வயலின் சத்தங்கள் உலகமெங்கும் பிரதி இருப்பவை. அவை அழிந்தாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒருவர் தன் ஊர்க்காரரின் உறுமியை, மேலூர்ப் பக்கத்து நையாண்டி மேளத்தை, தானே மைக் வைத்துப் பதிந்திருந்தால் அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. வாசித்தவர் இன்றைக்கு இல்லாமலும் போயிருக்கலாம். அந்த எட்டு விநாடி ஒரு ஆவணம்.

அதனால் பழைய சாம்ப்ளர் வைத்திருப்பவர்கள் ஒரு வரிசையைப் பின்பற்றுங்க. முதலில் ஃப்ளாப்பியின் பூட்டுத் துளையைத் திறந்து வையுங்க, தப்பித் தவறியும் எழுதிவிடாமல் இருக்கும். இந்தக் கருவிகள் பலவற்றின் ஃப்ளாப்பி விண்டோஸுக்குப் புரியாது. 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வேண்டாம்னு சொல்லுங்க. ஆமான்னு சொன்னால் கதை முடிந்தது. முழு வட்டையும் அப்படியே ஒரு இமேஜ் கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்க. ஃப்ளாப்பியின் மேல் பேனாவில் எழுதியிருக்கும் ஊர், தேதி, வாசித்தவர் பெயரையும் படம் எடுத்துக்குங்க. அதுக்கு அப்புறம் கார்டு ரீடருக்கு மாறுங்க. பெரிய கார்டு வாங்கிக் காசை வீணாக்கவும் வேணாம். எஸ்1000 ஒரு பகுதிக்கு 60 எம்பிக்கு மேல் ஏற்காது. மிச்ச இடம் சும்மா கிடக்கும்.

முப்பது வருஷத்துக் கருவிக்குப் புது கார்டு எப்போ வேணும்னாலும் வாங்கலாம். ஃப்ளாப்பி மட்டும் காத்திருக்காது.