நாய்க்குட்டி வளர்ப்பு, வீட்டுச் சூழலில்

வீட்டில் வளரும் தாய் நாய் ஈனும் குட்டிகளைப் பிறப்பு முதல் புது வீட்டுக்குக் கொடுக்கும் வரை பேணுதல். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கவும் இயலாது. சென்னையின் சித்திரை வெயிலிலும் குளிர்சாதன அறையில் குட்டிகளைக் கிடத்துவது ஆபத்து. முதல் நாளிலேயே சீம்பால் கிடைப்பது இன்றியமையாதது. அன்றாடம் எடை பார்த்துக் குறித்து வந்தால், பால் போதாத குட்டியை உடனே கண்டுகொள்ளலாம். சுமார் இரண்டு வாரத்தில் கண் திறக்கும். குடற்புழு நீக்கமும் அப்போதே தொடங்கும்.

மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவமே குணத்தை வடிக்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளில் மிக்சி இரைச்சல், வாசல் மணி, குழந்தைகளின் கை, தெருவில் போகும் மேள ஒலி ஆகியவற்றுக்குக் குட்டி அச்சமின்றிப் பழகுகிறது. கூண்டில் வளரும் குட்டிக்கு இந்த வாய்ப்பு அரிது. வீட்டு வளர்ப்பின் பெருஞ்சிறப்பு இதுவே. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி தொடங்கும்; வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம்.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்த குட்டிக்கு, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை உடன்பிறப்புகளிடம் கற்கும் வாய்ப்பு குறைந்துபோகிறது.