சபுராளிகள் கொண்டு வரும் தங்கம்: சட்டமும் மார்க்கமும்

வளைகுடாவில் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சபுராளியின் பெட்டியில் பேரீச்சம்பழம், அத்தர், போர்வை இவற்றோடு கொஞ்சம் தங்கமும் இருக்கும். தங்கையின் நிக்காஹ்வுக்கு ஒரு சங்கிலி, மகளுக்கு ஒரு ஜோடி கம்மல். வியர்வை சிந்திச் சம்பாதித்த ஹலாலான பொருள் அது. ஆனால் அதே விமானத்தில், யாரோ கொடுத்த தங்கத்தை மறைத்துக்கொண்டு ‘குருவி’யாக வருபவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது வேதனையான உண்மை. “ஹஜ்ரத், வரி கட்டாமல் கொண்டு வந்தால் பாவமா?” என்ற கேள்வி மஹல்லாக்களில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. முதலில் நடைமுறையையும் பிறகு மார்க்கத்தின் நிலைப்பாட்டையும் பார்ப்போம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

துபாய் தேரா தங்கச் சந்தை போன்ற இடங்களில் நகையின் விலை இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, தங்கத்தின் அன்றைய விலை; இதில் பேரம் இல்லை. மற்றொன்று செய்கூலி, இதைப் பேசிக் குறைக்கலாம். நகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 999 என்றால் 24 காரட், 916 என்றால் 22 காரட், 875 என்றால் 21 காரட், 750 என்றால் 18 காரட். அரபு நாடுகளில் 21 காரட் நகை பரவலாக விற்கப்படுகிறது. 22 காரட் என்று எண்ணி அதை வாங்கி வந்து, ஊரில் விற்கும்போது ஏமாற்றம் அடைபவர்கள் உண்டு.

ரசீதில் எடை, காரட், கல்லின் எடை, செய்கூலி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். வாங்குபவரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருப்பது நல்லது. அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. சுற்றுலாப் பயணிகள் திரும்பும்போது அதைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அங்கே குடியிருப்பு விசாவில் இருப்பவர்களுக்கு அது இல்லை.

இங்கே ஒரு மார்க்கச் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய நகையைக் கொடுத்து, கூடுதல் பணமும் சேர்த்துப் புதிய நகை வாங்குவது வட்டியின் வகையைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டும். கைபரின் பேரீச்சம்பழம் பற்றிய ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி எளிதானது: பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள்; பிறகு அந்தப் பணத்தில் புதியதை வாங்குங்கள்.

கொண்டு வரும்போது

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து இந்தியா திரும்பும் ஆண் 20 கிராம் (இரண்டரை பவுன்), பெண் 40 கிராம் (ஐந்து பவுன்) வரை தங்க நகையை வரியின்றிக் கொண்டு வரலாம். கட்டியும் நாணயமும் இந்தச் சலுகையில் சேராது. 2016-ஆம் ஆண்டு பயணப் பொதி விதிகளில் எடையோடு ஆணுக்கு 50,000 ரூபாய், பெண்ணுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்ற மதிப்பு வரம்பும் வைக்கப்பட்டது. விதிகளும் வரி விகிதமும் அவ்வப்போது திருத்தப்படுவதால், பயணத்துக்கு முன் சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் கொண்டு வரவும் சட்டத்தில் வழி உண்டு. ஆறு மாதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்தவர், குறைந்த விகிதத்தில் வரி செலுத்தி ஒரு கிலோ வரை கொண்டு வரலாம். இடையில் ஊர் வந்து போன நாட்கள் மொத்தம் 30-ஐத் தாண்டக் கூடாது. வரியை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த வேண்டும். தங்கத்தின் இறக்குமதி வரி 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழியில் சென்று நீங்களே சொல்லிவிடுங்கள். பச்சை வழியில் நடப்பதே ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்று வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம்.

உம்ராவுக்கோ பிள்ளைகளைப் பார்க்கவோ செல்லும் பெண்கள் அதிக நகை அணிந்து சென்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும். திரும்பும்போது அது தங்களுடைய பழைய நகைதான் என்று நிரூபிக்க அது உதவும். நகை தடுத்து வைக்கப்பட்டால் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பாதகமான உத்தரவு வந்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பிறர் கொடுக்கும் பொட்டலம்

“ஊருக்குத்தானே போறீங்க, இதை மட்டும் கொண்டு போய்க் கொடுத்திடுங்க” என்று கடைசி நேரத்தில் ஒரு பொட்டலம் வரும். அமானிதம் என்று எண்ணி நம்மவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றுக்கொள்வது அமானிதம் பேணுவது ஆகாது. தன்னைத் தானே அழிவில் தள்ளுவதாகும். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி, கைப்பற்றப்பட்ட தங்கம் கடத்தல் பொருள் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை வைத்திருந்தவருடையது. பெரிய தொகையானால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் 135-வது பிரிவில் இடமுண்டு. விமான டிக்கெட்டும் சில ஆயிரம் ரூபாய் கமிஷனும் கொடுத்தவர் அப்போது தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார். சிகரெட்டிலும் இதே கதைதான். அனுமதி 100 சிகரெட். ஒரு கார்ட்டனில் இருப்பதோ 200.

மார்க்கம் என்ன சொல்கிறது?

‘சுங்க வரி என்பது ஹதீஸ்களில் கண்டிக்கப்பட்ட மக்ஸ், எனவே ஏமாற்றுவது தவறில்லை’ என்று சிலர் வாதிடுகிறார்கள். வரியின் நியாயம் பற்றி ஃபிக்ஹ் நூல்களில் விரிவான விவாதம் இருப்பது உண்மையே. ஆனால் இவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வரி வாங்குபவர் மீது உள்ள கண்டனம், கொடுப்பவருக்குப் பொய் சொல்ல அனுமதி ஆகிவிடாது. அதிகாரி கேட்கும்போது ‘எதுவும் இல்லை’ என்பது பொய். பிறர் தங்கத்தை ‘என்னுடையது’ என்பது மோசடி. ஒரு நாட்டின் கடவுச்சீட்டை ஏந்திப் பயணிப்பவர் அதன் சட்டங்களுக்கு உடன்பட்டவராகிறார். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. ஒரு முஃமின் தன்னை இழிவுபடுத்திக்கொள்ளக் கூடாது என்பதும் நபிமொழிதான்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. சொந்த நகை என்று காட்டுவதற்காக நம் இளைஞர்கள் கழுத்தில் கனமான தங்கச் சங்கிலியுடன் இறங்குகிறார்கள். ஆண்கள் தங்கம் அணிவதே ஹராம் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும்.

எனவே அந்தக் கேள்விக்கு நம் பதில் இதுதான்: தங்கம் ஹலால், அதைக் கொண்டு வருவதும் ஹலால், பொய்யும் ஒளிவுமறைவும் ஹராம். தங்கைக்கு இரண்டு பவுன் குறைவாகப் போட்டாலும் அவள் வாழ்க்கை நடக்கும். அண்ணன் விமான நிலையத்தில் கைதானான் என்ற செய்தி நிக்காஹ் பந்தலுக்கு வந்தால் அந்த வீடு தாங்காது. பெண் வீட்டில் நகை கேட்டு, அந்தப் பிள்ளைகளை இந்த நிலைக்குத் தள்ளும் நாமும் இதில் நம் பங்கை யோசிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் தூய்மையாக்கி, சபரில் இருப்போரைக் கண்ணியத்தோடு வீடு சேர்ப்பானாக! ஆமீன்.