பல்கேரியப் பாட்டு கத்துக்கிறவங்க எந்தப் பாட்டைக் கத்துக்கிறாங்க?

யூடியூபில் பல்கேரியப் பெண்கள் பாடும் பலகுரல் நாட்டுப்பாட்டைத் தேடினால் சோஃபியா குழுக்களோடு லண்டன், கலிஃபோர்னியாக் குழுக்களும் வரிசையாக வந்து நிற்கும். பல்கேரிய மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாதவர்கள் மாசக்கணக்கில் உட்கார்ந்து கற்றுப் பாடியிருப்பார்கள். நன்றாகவே பாடுவார்கள். அறிமுகத்தில் மட்டும், "பல நூற்றாண்டுகளாகக் கிராமத்துப் பெண்கள் பாடிவந்த பலகுரல் பாடல்" என்று ஒரு வரி தவறாமல் வரும்.

இந்த ஒரு வரிதான் என்னைக் கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன்னா, அவர்கள் பாடுகிற பாட்டில் மெட்டு பழசு, வார்த்தை பழசு. ஆனால் அந்தப் பல குரல் இருக்கே, அது பெரும்பாலும் 1951க்குப் பிறகு வந்தது. பழைய பலகுரல் பாட்டு ஒன்றும் நிஜமாகவே இருக்கிறது. அது வேற ஒரு சமாச்சாரம். கேட்கிறதுக்கும் வேற மாதிரி, கத்துக்கிற முறையும் வேற.

முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடலாம். பல்கேரியாவின் பெரும்பகுதியில் நாட்டுப்பாட்டு என்றால் ஒற்றைக் குரல்தான். திரேஸ், டோப்ருஜா, ஸ்ட்ராஞ்ஜா, வடக்குச் சமவெளி, ரோடோப்பி மலை, எல்லாம் அப்படித்தான். பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். கிராமத்துப் பெண்கள் தாங்களாகவே இரண்டு குரலாகப் பிரிந்து பாடியது நாட்டின் மேற்கு, தென்மேற்கு மூலையில்தான். சோஃபியாவைச் சுற்றியுள்ள ஷோப் பகுதியும், அதற்குத் தெற்கே பிரின் மலைப்பக்கமும் அதில் முக்கியமானவை. ரோடோப்பியில் நெதெலினோ என்ற ஊர் மட்டும் விதிவிலக்கு. சுற்றுவட்டாரம் முழுக்க ஒற்றைக் குரலில் பாட, அந்த ஊர்ப் பெண்கள் மட்டும் இரண்டு குரலில் பாடுவார்கள்.

இதில் ஷோப் பாட்டு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கதான் விஷயமே இருக்கு.

மூன்று நாலு பெண்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். ஒருத்தி மெட்டை எடுப்பாள். அவள் வேலைக்கு "இஸ்விக்வா" என்று பெயர், கூவி அழைப்பது என்று அர்த்தம். மற்றவர்கள் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். மெட்டு ரொம்ப தூரம் போகாது. மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். அப்படிச் சுற்றும்போது இழுத்துப் பிடித்த சுரத்துக்கு ஒட்டினாற்போல் மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். ஸவும் ரியும் ஒரே நேரத்தில் ஒலிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அந்த இடைவெளி நம்ம ஹார்மோனியக் கட்டைகளுக்குள் சரியாக உட்காராது.

நம் கச்சேரியிலும் சுருதி உண்டு. தம்பூரா இருக்கு, நாகஸ்வரத்துக்கு ஒத்து இருக்கு. அதனால் இது நமக்குப் பழக்கமான ஏற்பாடு மாதிரித் தோன்றும். ஆனால் நம் காது, ரி வந்தால் அது எங்கேயாவது போய் இளைப்பாறும் என்று காத்திருக்கும். ஷோப் பாட்டில் அந்த உரசலிலேயே நிற்பார்கள். அங்கேயே நிற்பதுதான் சுகம்.

காரணம் ஒலியியலில் இருக்கிறது. ஒரு குரல் 400 ஹெர்ட்ஸ், இன்னொன்று 425 ஹெர்ட்ஸ் என்றால், இரண்டும் சேரும்போது விநாடிக்கு 25 தடவை ஒலி ஏறி இறங்கும். காதில் ஒரு துடிப்பு, ஒரு கரகரப்பு கேட்கும். அந்தத் துடிப்பு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு குரலும் நேராக, நடுங்காமல், நெஞ்சுக்குரலில் கணீரென்று வரணும். மென்மையாகப் பாடினால் அது வராது. கிராமங்களில் இதைப் பதிவு செய்யப் போன ஆய்வாளர்களிடம் அந்தப் பெண்கள் சொன்ன விளக்கம், குரல் மணி மாதிரி ஒலிக்கணும் என்பது. கோயில் மணியை அடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் ஒரு "வூம் வூம்" அலை வருமே, அதுதான். வெளியாள் காதுக்கு அபஸ்வரம். அவர்களுக்கு அதுதான் பாட்டு சரியாக அமைந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

சும்மா படித்துவிட்டு எழுதக்கூடாது என்று நானும் என் அக்காவும் ஒரு சாயங்காலம் முயன்று பார்த்தோம். அவள் ஸ, நான் ரி. பத்து விநாடி தாங்கவில்லை, நான் வழுக்கிக்கொண்டு அவள் சுரத்துக்கே போய்விட்டேன். மாற்றிச் செய்தோம், அவள் வந்து என் சுரத்தில் சேர்ந்தாள். இரண்டு பேரும் விலகாமல் நிற்க நாலைந்து நாள் ஆனது. காதைப் பொத்திக்கொண்டு பாடினால் சுலபம். ஆனா அப்படிப் பாடினா அந்தத் துடிப்பு கேட்காதே! பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டே அவள் பக்கம் சாயாமல் இருப்பதுதான் இதில் பாடம்.

கிராமத்தில் இந்தப் பாடம் எப்படி நடந்தது? தனியாக வாத்தியார் கிடையாது. அறுவடைக் காலத்தில் வயலில் ஒரு குழு பாடி முடிக்கும்போது இன்னொரு குழு எடுக்கும். இலையுதிர், குளிர்கால இரவுகளில் "செத்யான்கா" என்ற கூட்டம் நடக்கும். பெண்கள் நூல் நூற்றுக்கொண்டும் பின்னிக்கொண்டும் பாடுவார்கள், பையன்கள் பார்க்க வருவார்கள். வசந்தத்தில், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய நாள், லாசரஸ் பண்டிகை. கல்யாண வயதை எட்டும் பெண்கள் அலங்கரித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். ஒரு பெண் சின்ன வயதிலிருந்தே இதையெல்லாம் கேட்டு வளர்வாள். பிறகு ஒத்த வயதுத் தோழிகளோடு சேர்ந்து பாடப் பழகுவாள். சேர்ந்து பழகிய குரல்கள் சுலபத்தில் ஜோடி மாறாது. வேலை, பண்டிகை, கல்யாணம், இதெல்லாம்தான் பள்ளிக்கூடம்.

படித்தவர்கள் கண்ணில் இது பட்டபோது பெரிய ஆச்சரியமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பாட்டுகளைத் திரட்டிய வாசில் ஸ்தோயின், ஐரோப்பாவின் இடைக்கால இருகுரல் இசைக்கே பல்கேரியாதான் ஊற்று என்று 1925இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார். 1950களில் டச்சு ஆய்வாளர் யாப் குன்ஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுப் பாட்டும் பால்கன் பாட்டும் ஒன்றுபோல இருக்கின்றன, ஆகவே பழங்காலத்தில் ஏதோ தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்றார். ஆய்வுலகம் அதைப் பெரிதாக ஏற்கவில்லை. ஆனாலும் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் மனுஷர் ஏன் அப்படி நினைத்தார் என்று புரியும்.

இனி 1951க்கு வருவோம். நாடு கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்தது. சோவியத் நாட்டின் பியாத்னிட்ஸ்கி குழு போல இங்கும் அரசு நாட்டுப்புறக் கலைக்குழு ஒன்று வேண்டும் என்று முடிவானது. பொறுப்பேற்றவர் பிலிப் குதெவ் (1903–1982). முறையாக ஐரோப்பிய இசை படித்த இசையமைப்பாளர். மனைவி மரியா குதெவாவோடு சேர்ந்து கிராமங்களிலிருந்து நல்ல குரல்களைத் தேடிக் கொண்டுவந்தார். நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அதாவது, வாழ்க்கையில் ஒற்றைக் குரலைத் தவிர வேறு பாடியே அறியாத திரேஸ் பெண்ணும் டோப்ருஜாப் பெண்ணும் அதில் உண்டு. அவர்களை நாலு, ஐந்து குரல்களாகப் பிரித்து நிறுத்தி, ஒற்றை மெட்டுகளுக்குப் பல குரல் அமைத்தார் குதெவ். அடுத்த வருஷம், 1952இல், பல்கேரிய வானொலியும் தனக்கென ஒரு பெண்கள் குழுவை ஆரம்பித்தது.

அவர் செய்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ஜெர்மன் தேவாலயப் பாட்டு மாதிரி வழவழவென்று அமைத்திருக்கலாம், செய்யவில்லை. கிராமத்துத் திறந்த குரலை அப்படியே விட்டார். ஷோப் பாட்டின் இழுப்பையும் உரசலையும் எடுத்து மற்றப் பகுதிகளின் மெட்டுகளுக்குள் வைத்தார். அவர் அமைத்த "பொலெக்னாலா இ தோதோரா"வைக் கேட்டால் அந்த நெருக்கமான சுரங்கள் வந்து போவது தெரியும். குதெவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது அருமையான இசை. ஆனால் கற்கும் முறை தலைகீழானது. வயலும் செத்யான்காவும் இருந்த இடத்தில் ஒத்திகை அறை வந்தது. இடைவெளியைக் காதால் தேடிப் பிடித்த இடத்தில் இசைக்குறிப்பு வந்தது. நடத்துநர் கை காட்டும் இடத்தில் நிறுத்தணும். கூட்டுப்பண்ணைகள் வந்து, இளசுகள் நகரத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு பழைய பள்ளிக்கூடமும் காலியானது. 1967இல் கோடெல் நகரில் நாட்டுப்புற இசைக்கென்றே பள்ளி தொடங்கினார்கள். வேறு வழியும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியுலகத்துக்குப் போனது இந்த இரண்டாவது இசைதான். சுவிட்சர்லாந்துக்காரர் மார்செல் செலியே 1975இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். தலைப்பு, "பல்கேரியக் குரல்களின் மர்மம்" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்றொடர். 1986இல் லண்டனின் 4ஏடி நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. அதன் முதலாளிக்கு இந்தப் பாட்டை ஒரு கேசட்டில் அறிமுகம் செய்தவர் ராக் பாடகர் பீட்டர் மர்ஃபி. ராக் கேட்கிற பையன்கள் பல்கேரியப் பாட்டு கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் தொகுதிக்கு 1990இல் கிராமி விருதும் கிடைத்தது.

மர்மம் என்ற சொல் வியாபாரத்துக்கு நல்லது. ஆனால் எழுதியவர் பெயர் தெரிந்த பாட்டில் என்ன மர்மம்? அந்தத் தட்டில் வரும் "பிலென்சே பே", "கலிமான்கு தென்கோ" இரண்டுக்கும் குரல்களை அமைத்தவர் கிராஸிமிர் கியுர்க்சீஸ்கி. கலிமான்குவில் தனிக்குரல் யாங்கா ருப்கினாவுடையது. அவர் ஊர் ஸ்ட்ராஞ்ஜா. ஒற்றைக் குரல் நாடு! அவரேதான் பிறகு ட்ரியோ பல்கார்கா என்ற மூவர் குழுவில் சேர்ந்து, 1989இல் கேட் புஷ்ஷின் ஆல்பத்தில் பாடினார். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பகுதிக்காரர்கள். பழைய கிராமத்தில் இந்த மூவரும் சேர்ந்து பாட வாய்ப்பே இருந்திருக்காது.

இடையில் ஒரு குட்டித் தகவல். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் போன பல்கேரியப் பாட்டைப் பலகுரல் பாட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. வால்யா பல்கான்ஸ்கா பாடிய அது ரோடோப்பிப் பாட்டு. ஒற்றைக் குரல், கூட கைடா என்ற துருத்தி வாத்தியம். பல்கேரியாவின் பெரும்பகுதி எப்படிப் பாடியது என்பதற்கு அதுதான் நெருக்கம்.

வெளிநாட்டுக் குழுக்களின் வரலாறும் சின்னதல்ல. யேல் பல்கலைக்கழக மாணவிகள் 1969இலேயே ஸ்லாவியப் பாட்டுக்குழு ஆரம்பித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் கிட்கா 1979, லண்டன் பல்கேரியக் குழு 2000. இவர்களுக்குக் குதெவ் வழிப் பாட்டு கைக்கு வாகாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தாளில் இருக்கிறது, குரல் பிரித்திருக்கிறது, முப்பது பேர் நிற்க இடம் இருக்கிறது. ஷோப் பாட்டுக்கு மூன்று நாலு பேர் போதும். மெட்டைப் பத்து நிமிஷத்தில் மனப்பாடம் செய்துவிடலாம், பாட வைக்கத்தான் மாசக்கணக்காகும். மேடையில் முப்பது பேரை நிறுத்த வேண்டிய குழு இதை ஏன் எடுக்கும்?

ஆனால் பழையது செத்துவிடவில்லை. சோஃபியாவை ஒட்டி, விட்டோஷா மலையடிவாரத்தில் பிஸ்ட்ரிட்சா என்று ஒரு ஊர். அந்த ஊர்க் குழுவுக்குப் பெயரே "பிஸ்ட்ரிட்சா பாபி", பிஸ்ட்ரிட்சாப் பாட்டிகள். 2005இல் யுனெஸ்கோ அவர்கள் பாட்டை மானுடத்தின் அரிய மரபாக அறிவித்து, 2008இல் பட்டியலில் சேர்த்தது. அவர்களிடமும் இப்போது வயல் இல்லை, பெரும்பாலும் மேடைதான். 2021இல் தென்மேற்கின் டோலன், சடோவ்ச்சா ஊர்களின் "விசோகோ" பாட்டும் பட்டியலில் சேர்ந்தது. விசோகோ என்றால் உயரம். ஒரு குழு தாழ்ந்த குரலிலும் இன்னொரு குழு உச்சக் குரலிலும் பாடும், இரண்டும் சேர்ந்தால் நாலு குரல். குதெவ் தாளில் எழுதிய நாலு குரலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வயலில் வேலை செய்துகொண்டே பெண்கள் அமைத்துக்கொண்டது.

கத்துக்கணும்னு ஆசைப்படுறவங்க முதலில் பாட்டிகளின் பதிவைக் கேளுங்கள், செலியேயின் தட்டை அப்புறம் கேட்கலாம். ஒரு ஆளைத் துணைக்குப் பிடியுங்கள். நானும் அக்காவும் இப்போது அரை நிமிஷம் வரை தாக்குப் பிடிக்கிறோம். அந்த மணிச் சத்தம் ஒரே ஒரு தடவை வந்தது, அடுப்படியிலிருந்து அம்மா என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்.